உடைந்த பிளாஸ்டிக் உறுப்புகளை வீட்டிலேயே செப்பனிடுதல்

வீட்டில் உள்ள மின்விசிறியின் மோட்டார் நன்றாக ஓடுகிறது. இறக்கைகளிலும் பழுதில்லை. ஆனால் அதன் கழுத்தில் உள்ள விரல் நீளப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று முறிந்துவிட்டது. விசிறி தலையைத் தொங்கப் போட்டுக்கொள்கிறது. சில நாள்கள் துணியால் கட்டி வைத்துப் பார்க்கிறோம். பிறகு அது லயத்தின் பின்புறத்திற்குப் போகிறது. அங்கிருந்து குப்பைக் குழிக்குப் போகிறது. அடுத்த சம்பளத்தில் புதிய விசிறி வந்து சேருகிறது. துணி துவைக்கும் இயந்திரத்தின் குமிழ், குளிர்பதனப் பெட்டிக் கதவில் புட்டிகளைத் தாங்கும் தட்டு, வானொலிப் பெட்டியின் பின்மூடி ஆகியவற்றின் கதையும் பெரும்பாலும் இதுவேயாகும். ஒரு வெள்ளிகூடப் பெறாத துண்டு ஒன்றுக்காக முழுப் பொருளையும் எறிந்துவிடுகிறோம்.

இதற்கு மக்களின் கவனக்குறைவைக் காரணமாகச் சொல்வது நியாயமன்று. பெரும்பாலோர் முயன்று பார்த்தே கைவிடுகின்றனர். பாசார் மாலாமில் ஒரு சிறு குழாய்ப் பசை வாங்கி ஒட்டுகிறார்கள். மறுநாளே அது விட்டுப்போகிறது. “பிளாஸ்டிக் ஒட்டாது” என்று முடிவு செய்கிறார்கள். உண்மை என்னவெனில், சில பிளாஸ்டிக்குகள் மிக நன்றாக ஒட்டும். சில எப்பசைக்கும் எளிதில் இணங்கா. எது எவ்வகை என்று அறியாமல் பசையை எடுப்பதுதான் தோல்விக்குக் காரணம். ஆகவே இக்கட்டுரையில் பசையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பாகப் பிளாஸ்டிக்கைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

பால்மரத்தை அறிந்தவர்களுக்கு இது புதிய பாடம் அன்று

தோட்டத்தில் வேலை செய்வோர் பிளாஸ்டிக்கின் இயல்பை ஏற்கெனவே அறிந்தவர்கள். உறைந்த பாலைத் தகடாக்கி உலர்த்திய இரப்பர், வெயிலில் இளகிப் பிசுபிசுக்கும். அதே இரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றிச் சக்கரத்தின் டயராக்கிவிட்டால், பிறகு எவ்வளவு சூடேற்றினாலும் அது உருகாது. கருகிப் புகையுமே தவிர மீண்டும் பாகாகாது. இந்த உண்மையை அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர் 1839ஆம் ஆண்டில் கண்டறிந்தார்.

பிளாஸ்டிக்கிலும் இவ்விரண்டு சாதிகள் உண்டு. ஒன்று, வெல்லப்பாகு போன்றது. சூடேற்றினால் இளகும், ஆறினால் இறுகும், மறுபடியும் இளக்கலாம். மற்றொன்று, வேகவைத்த முட்டை போன்றது. ஒரு முறை இறுகிவிட்டால் திரும்ப இளகாது. பழைய மின்பொத்தான்களிலும் சட்டிப் பிடிகளிலும் காணும் கறுப்பு அல்லது பழுப்பு நிறப் பேக்கலைட் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. லியோ பேக்லண்ட் என்பவர் 1907இல் அதனை உருவாக்கினார். இன்று நம் வீட்டுச் சாதனங்களின் வெளிக்கூடுகளில் மிகப் பெரும்பாலானவை முதல் வகையைச் சேர்ந்தவை. அதாவது, அவற்றை இளக்கி இணைக்க வழியுண்டு.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. வெந்நீரில் இட்டால் இளகி, ஆறினால் இறுகும் பொருளொன்றை இந்நாட்டு மலாய் மக்கள் பிளாஸ்டிக் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே பயன்படுத்தி வந்தனர். காட்டு மரத்தின் பாலிலிருந்து கிடைத்த கெத்தா பெர்ச்சாதான் அது. அதனைக் கொண்டு பாராங் கத்திக்குப் பிடி செய்தனர். சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் மாண்ட்கமரி 1840களில் அதன் மாதிரியை இலண்டனுக்கு அனுப்பினார். 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் இட்ட தந்திக் கம்பிக்கு அதுவே காப்புறையாயிற்று. நம் பால்மரத்து இரப்பரும் கெத்தா பெர்ச்சாவும் ஒரே வகை அணுக்கோவைகள். அணுக்கள் அமைந்த முறைதான் வேறு. இளகி இறுகும் இந்த இயல்பை நாம் இன்று சலவை இயந்திரத்தின் மூடியிலும் விசிறியின் தண்டிலும் காண்கிறோம்.

தொடக் கூடாதவை

செப்பனிடும் ஆர்வம் நல்லதுதான். ஆயினும் சில உறுப்புகளை ஒட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். இவற்றை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும்.

மூன்று முளைச் செருகி, மின் கொக்கி, மின்பொத்தானின் மூடி ஆகியவை உடைந்தால் ஒட்டக் கூடாது. சிரிம் முத்திரையுள்ள புதியதை வாங்கிப் பொருத்த வேண்டும். நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுடையது. ஈரக் கையால் தொடும்போது ஒட்டுப் போட்ட மூடி விலகிவிட்டால் என்ன நேரும் என்று விளக்க வேண்டியதில்லை. மின்கம்பியின் உறை வெடித்திருந்தாலும் இதே விதிதான்.

விசிறியின் இறக்கை உடைந்தால் மாற்றவே வேண்டும். ஒட்டிய இறக்கையில் எடை ஒரு பக்கம் கூடிவிடும். வேகமாகச் சுழலும்போது அதிர்ந்து, ஒட்டிய துண்டு தெறித்துப் பறக்கும். அழுத்தச் சமையற்கலத்தின் பிடியையும் மூடியையும், எரிவாயு அடுப்பின் அழுத்தச் சீராக்கியையும் குழாயையும் ஒட்டக் கூடாது. நுண்ணலை அடுப்பைத் திறக்கவே கூடாது. மின்செருகியைப் பிடுங்கிய பின்னரும் அதனுள் ஆளைக் கொல்லும் மின்னேற்றம் தங்கியிருக்கும். மசாலை அரைக்கும் இயந்திரத்தின் குவளை விரிசல் விட்டால், பசை உணவில் கலக்கும் என்பது ஒரு காரணம். கத்தி சுழலும் வேகத்தில் குவளை பிளக்கும் என்பது மற்றொரு காரணம். மோட்டார் சைக்கிளில் அணியும் தலைக்கவசம் வீட்டுச் சாதனம் அன்று எனினும், அதனையும் ஒட்டிப் பயன்படுத்துவோர் இருப்பதால் இங்கே சேர்த்துச் சொல்கிறேன். விரிசல் விட்ட தலைக்கவசம் பயனற்றது.

எஞ்சியவை, அதாவது வெளிக்கூடு, கால், தாங்கி, குமிழ், தட்டு, கொக்கி, கீல், மூடி ஆகியவை, நம் கைக்கு உட்பட்டவை. எதனைத் தொடுவதாயினும் முதலில் செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கி, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பொத்தானை அணைத்தால் மட்டும் போதாது. பொருளுக்கு உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் திருகாணியைத் தொடாமல் கடைக்கே எடுத்துச் செல்வது நல்லது. வீட்டில் திறந்த பொருளுக்கு உத்தரவாதம் மறுக்கப்படலாம்.

எந்தப் பிளாஸ்டிக் என்று அறிதல்

உடைந்த உறுப்பைத் திருப்பி உட்புறத்தைப் பாருங்கள். அம்புக்குறி போன்ற இரு கோணக் குறிகளுக்கு இடையே சில ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருக்கும். ஏ.பி.எஸ். என்றிருந்தால் மகிழ்ச்சி கொள்ளலாம். மிக எளிதாக இணைவது அதுவே. பி.எஸ். என்பது பாலிஸ்டைரின், அதுவும் இணையும், ஆனால் எளிதில் நொறுங்கும். பி.பி. என்பது பாலிபுரொப்பலின், பி.இ. என்பது பாலிஎத்திலின். இவ்விரண்டும் மெழுகுத் தன்மையுடையவை. பசை இவற்றின் மேல் சேம்பிலையில் விழுந்த நீர்போல நிற்குமே தவிரப் பற்றிக்கொள்ளாது. பி.ஏ. என்பது நைலான். முக்கோணத்துக்குள் எண் மட்டும் இருந்தால் 2, 4 ஆகியவை பாலிஎத்திலினையும், 3 பி.வி.சி.யையும், 5 பாலிபுரொப்பலினையும், 6 பாலிஸ்டைரினையும் குறிக்கும். இவ்வெண் முறை 1988இல் அமெரிக்காவில் தொடங்கியது.

எழுத்தும் எண்ணும் இல்லாத பொருளுக்கு ஒரு சோதனை உண்டு. உடைந்த இடத்திலிருந்து உதிர்ந்த சிறு சில்லு ஒன்றை எடுத்து, ஒரு துளி சோப்பு கலந்த நீரில் அமிழ்த்தி, காற்றுக் குமிழிகள் நீங்கும்படி விரலால் தடவி விடுங்கள். சில்லு மேலே மிதந்து வந்தால் அது பாலிபுரொப்பலின் அல்லது பாலிஎத்திலின். மூழ்கினால் வேறு ஒரு குவளையில், இனிக் கரையாது என்னும் அளவுக்கு உப்பைக் கரைத்து, அந்த உப்பு நீரில் சில்லை இடுங்கள். நன்னீரில் மூழ்கி உப்பு நீரில் மிதப்பது பெரும்பாலும் ஏ.பி.எஸ்., பாலிஸ்டைரின், நைலான் ஆகியவற்றுள் ஒன்று. உப்பு நீரிலும் மூழ்குவது பி.வி.சி. அல்லது பேக்கலைட் ஆகலாம். பிளாஸ்டிக்கோடு சுண்ணப்பொடியோ கண்ணாடி இழையோ கலந்திருந்தால் எடை கூடி இச்சோதனை தவறான விடை தரக்கூடும். ஆதலால் அடுத்த சோதனையையும் செய்துவிடுவது நலம்.

பெயிண்ட் கடையில் அசிட்டோன் என்று கேட்டால் தருவார்கள். நகப்பூச்சு அழிக்கும் நீர்மங்கள் சிலவற்றிலும் அது உண்டு. ஆனால் எண்ணெயும் வாசனையும் கலந்தவை ஒட்டும் வேலைக்கு உதவா. உறுப்பின் உட்புறத்தில், கண்ணில் படாத மூலையில், பஞ்சுக் குச்சியால் ஒரு துளி அசிட்டோனைத் தொட்டு வையுங்கள். அவ்விடம் இளகி விரலில் ஒட்டிக்கொண்டால் அது ஏ.பி.எஸ். அல்லது பாலிஸ்டைரின். ஒன்றும் ஆகவில்லை என்றால் மெழுகு வகை அல்லது நைலான்.

சிலர் துண்டை எரித்து, மணத்தைக் கொண்டு வகை காண்பார்கள். அதனை நான் பரிந்துரைக்க மாட்டேன். பி.வி.சி. எரியும்போது மூச்சுக் குழலை அரிக்கும் அமிலப் புகையை உண்டாக்குகிறது. நீர்ச் சோதனையே போதுமானது.

ஏ.பி.எஸ். கூட்டை இணைத்தல்

சாதாரணப் பசை இரு துண்டுகளுக்கு இடையே படிந்து அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. அசிட்டோன் அப்படிச் செய்வதில்லை. அது இரு முகங்களையும் இளக்கி ஒன்றோடொன்று கலக்கச் செய்துவிட்டு, ஆவியாகிப் போய்விடுகிறது. எஞ்சுவது பிளாஸ்டிக் மட்டுமே. ஒழுங்காகச் செய்த இணைப்பு, பழைய உறுப்பின் வலிமைக்கு அருகில் வந்துவிடும்.

சிறிய கண்ணாடிப் புட்டி ஒன்றில் ஏ.பி.எஸ். சில்லுகளை நறுக்கிப் போட்டு, அவை மூழ்கும் அளவுக்கு அசிட்டோனை ஊற்றி, இறுக மூடி ஓர் இரவு வையுங்கள். காலையில் பால்சேர்த்த கூழ் போல ஆகியிருக்கும். கெட்டியாக இருந்தால் சிறிது அசிட்டோன் சேர்க்கலாம். நீர்த்திருந்தால் சில்லுகளைச் சேர்க்கலாம். சில்லுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். எறியக் கிடக்கும் பழைய வானொலிப் பெட்டி, கெட்டுப்போன தொலைக்காட்சியின் பின்மூடி ஆகியவற்றில் ஏ.பி.எஸ். எழுத்து இருந்தால், ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். நிறமும் ஒத்திருந்தால் ஒட்டிய இடம் தெரியாது.

அசிட்டோன் பெட்ரோலைப் போன்றே எளிதில் தீப்பற்றும். அடுப்பு எரியும் இடத்திலும், சாமி விளக்கின் அருகிலும், சுருட்டு புகைப்பவரின் பக்கத்திலும் இவ்வேலையைச் செய்யக் கூடாது. வீட்டின் அஞ்சடியில், காற்றோட்டத்தில் செய்யுங்கள். புட்டியின் மேல் பெயரை எழுதி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

விரிசலின் இரு முகங்களையும் சோப்பு நீரால் கழுவி, நன்கு உலர்த்திய பின்னர், கூழை இரு பக்கமும் மெல்லியதாகப் பூசிச் சேர்த்து அழுத்துங்கள். கையால் எவ்வளவு நேரம்தான் பிடித்திருக்க முடியும்? பழைய மோட்டார் சைக்கிள் உள்டியூபை நீளவாட்டில் விரல் அகலத்துக்கு வெட்டினால் நாடாவாகும். அந்த நாடாவால் உறுப்பைச் சுற்றி இழுத்துக் கட்டிவிடுங்கள். எப்பக்கமும் சமமாக அழுத்தும் இதனைவிடச் சிறந்த பிடிப்பான் எக்கடையிலும் இல்லை என்பேன். ஒரு முழு நாள் தொடாமல் விட்டு, பின்னர் அவிழ்க்கலாம். கூழைத் தடிமனாக அப்பியிருந்தால் உள்ளே காய இரண்டு மூன்று நாள்கள் ஆகும்.

விரிசல் உறுப்பின் நடுவில் நின்றிருந்தால், ஒட்டுவதற்கு முன்பாக அதன் முனையில் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குச் சிறு துளை ஒன்று இடுங்கள். கூரிய முனையில்தான் விசையெல்லாம் குவிந்து விரிசலை மேலும் ஓடச் செய்கிறது. துளையின் வட்டமான விளிம்பில் அவ்விசை பரவிவிடுவதால் விரிசல் அங்கேயே நின்றுவிடும்.

விசிறியின் கழுத்துக்கு மட்டும் இதுவும் போதாது. மோட்டாரின் எடையையும் அதிர்வையும் அவ்விடமே தாங்குகிறது. முறிந்த இடத்தை ஒட்டிக் காய்ந்த பிறகு, இரு பக்கமும் மெல்லிய அலுமினியப் பட்டை வைத்து, முறிவின் மேலே இரண்டும் கீழே இரண்டுமாகச் சிறு மரையாணிகள் முடுக்க வேண்டும். அதற்கான துளையிடும்போது உள்ளே மின்கம்பி செல்லும் வழியைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஆணியோ பட்டையோ கம்பியை உரசுமானால், உலோகப் பட்டை முழுவதும் மின்சாரம் பாயக்கூடும். கம்பிக்கு இடம் விட்டு ஆணி முடுக்க வழியில்லாத கழுத்தாயின், அந்த விசிறியை விட்டுவிட வேண்டியதுதான். செப்பனிட்ட விசிறியைக் கையால் பிடித்து அசைத்துப் பார்த்து, மிகக் குறைந்த வேகத்தில் அரை மணி நேரம், ஆள் அருகில் இருக்கும்போது ஓட விடுங்கள். குழந்தையின் தூளிக்கு அருகில் அதனை வைக்க வேண்டாம்.

சுற்றிச் சுற்றி வழுக்கும் குமிழ்

சலவை இயந்திரத்தின் நேரக் குமிழைத் திருப்பினால் குமிழ் மட்டும் சுற்றும். உள்ளே தண்டு சுற்றாது. குமிழை இழுத்துக் கழற்றிப் பாருங்கள். தண்டு ஒரு பக்கம் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும். அதனைப் பற்றும் பிளாஸ்டிக் குழல் நீளவாட்டில் பிளந்திருக்கும். பிளவில் பசையை மட்டும் இட்டால் அடுத்த திருப்பலிலேயே மீண்டும் பிளக்கும். குழலை வெளிப்புறமிருந்து நெருக்கிப் பிடிக்க ஏதேனும் வேண்டும்.

பழைய மின்கம்பி ஒன்றை உரித்து, அதிலுள்ள மெல்லிய செப்பு இழையை எடுங்கள். குழலின் வெளிப்புறத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, இழையை நெருக்கமாகப் பத்துச் சுற்று சுற்றி முறுக்கி, இரு குழாய்களில் வரும் எப்பாக்சிப் பசையை மேலே பூசுங்கள். இரண்டு குழாய்களிலிருந்தும் சம அளவு பிதுக்கி, நிறம் ஒன்றாகும் வரை கலக்க வேண்டும். அரைகுறையாகக் கலந்தது ஒருநாளும் இறுகாது. “ஐந்து நிமிடப் பசை” என்று உறையில் போட்டிருந்தாலும் முழு வலிமை வர ஒரு நாள் ஆகும். பசை காயும்போது குழலின் துளை சரியான வடிவில் நிற்பதற்குத் தண்டிலேயே மாட்டி வைக்கலாம். ஆனால் முதலில் தண்டின் மேல் வாஸ்லினைத் தடவிவிடுங்கள். இல்லாவிட்டால் குமிழும் தண்டும் ஒன்றாகிவிடும்.

குழலின் உட்புறம் தேய்ந்து போயிருந்தால் அதனை நிரப்ப வேறு வழி உண்டு. சூப்பர் குளூ என்று விற்கும் உடனடிப் பசையும், சமையலறையில் உள்ள சமையல் சோடாவும் போதும். சோடாவைத் தேய்ந்த இடத்தில் தூவி, அதன் மேல் ஒரு துளி பசையை விட்டால், நொடிப்பொழுதில் கல் போல இறுகும். இப்படிப் படிப்படியாக ஏற்றி, சிறு அரத்தால் சீவி வடிவம் தரலாம். உடைந்த பற்சக்கரத்தின் ஒரு பல்லைக்கூட இம்முறையில் கட்டலாம், பளு குறைவாக இருக்குமானால். இறுகும்போது சூடும் காரமான ஆவியும் எழும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பருத்தித் துணியில் இப்பசை நிறையக் கொட்டினால் கை சுடுமளவுக்குச் சூடேறும் என்பதையும் நினைவில் வையுங்கள். விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊற வைத்து மெல்ல உருட்டிப் பிரிக்க வேண்டும். கண்ணில் பட்டால் நிறைய நீரால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இப்பசை இழுவிசையைத் தாங்கும். மோதலையும் சூட்டையும் தாங்காது. சோற்றுப்பானை மூடியின் கொக்கி, நீராவி படும் இடங்கள் ஆகியவற்றில் இதனை நம்ப வேண்டாம்.

பசைக்கு இணங்காத வகை

வாளி, கூடை, இரட்டைத் தொட்டிச் சலவை இயந்திரத்தின் வெளிக்கூடு, மடங்கித் திறக்கும் மூடி ஆகியவை பெரும்பாலும் பாலிபுரொப்பலினால் ஆனவை. இவற்றுக்கு இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது, தைத்தல். விரிசலின் இரு புறமும் அரை அங்குலம் தள்ளி, எதிரெதிராகத் துளைகளை இட்டு, செப்புக் கம்பியாலோ தடித்த தூண்டில் நரம்பாலோ காலணி நாடா கோப்பது போலக் குறுக்குநெடுக்காகக் கோத்து இழுத்துக் கட்டுவது. பீங்கான் கிண்ணம் உடைந்தால் சீனக் கைவினைஞர்கள் சிறு உலோகக் கொக்கிகளால் அதனை இணைத்து மீண்டும் புழங்க வைத்தார்கள். அதே முறைதான் இது. பார்வைக்கு அழகாக இராது என்று சிலர் குறைப்படலாம். பின்புறம் நிற்கும் சலவை இயந்திரத்தின் அழகை யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

இரண்டாவது, உருக்கி இணைத்தல். வானொலி பழுதுபார்ப்போர் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோல் இதற்கு ஏற்றது. முப்பது நாற்பது வாட் போதும். விரிசலின் நெடுகிலும் கத்தியால் ஒரு சாய்வான பள்ளம் செதுக்கி, கோலின் முனையால் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தொட்டு முதலில் துண்டுகளை நிலைநிறுத்துங்கள். பிறகு மெல்லிய செப்புக் கம்பியைக் குறுக்கே வைத்து, கோலால் அழுத்திப் பிளாஸ்டிக்குள் புதையுங்கள். இறுதியாக 5 என்னும் எண் பொறித்த பழைய ஐஸ்கிரீம் டப்பா மூடியை நாடாவாக வெட்டி, அதனை உருக்கிப் பள்ளத்தை நிரப்புங்கள். நிரப்பும் பிளாஸ்டிக்கும் உறுப்பின் பிளாஸ்டிக்கும் ஒரே வகையாக இருத்தல் மிக முக்கியம். பாலிஎத்திலின் நாடா பாலிபுரொப்பலினோடு கலக்காது; ஆறியதும் தோலாக உரிந்து வரும்.

பாலிபுரொப்பலின் ஏறத்தாழ 160 பாகை செல்சியசில் உருகும். சூட்டுக்கோலின் முனை 300 பாகையையும் தாண்டும். ஆகையால் ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். புகை எழுகிறது என்றால் பிளாஸ்டிக் கருகுகிறது என்று பொருள். கருகியதற்கு வலிமை இல்லை. பி.வி.சி. என்று ஐயம் தோன்றினாலும் இவ்வேலையைக் கைவிடுங்கள்.

திருகாணி பிடிக்காத குழிகள்

ஒரு சாதனத்தைத் திறந்து மூடிய பிறகு திருகாணிகள் வெறுமனே சுற்றுகின்றன என்பது பலரின் முறையீடு. பிளாஸ்டிக்கில் ஆணி தானே வெட்டிய மரை ஒன்று இருக்கிறது. திரும்ப முடுக்கும்போது அந்த மரையில் ஆணி விழாமல் புதிதாக ஒன்றை வெட்டினால், குழியின் சுவர் மெலிந்து அழிந்துவிடும். எனவே ஆணியைக் குழியில் வைத்து முதலில் எதிர்ப்புறமாகத் திருப்புங்கள். ஒரு சுற்றுக்குள் ‘டக்’ என்று அது சிறிது இறங்குவது கையில் தெரியும். அதுதான் பழைய மரையின் வாய். அங்கிருந்து முன்புறமாகத் திருப்பினால் எளிதாக ஏறும். இறுகியதும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஒரு சுற்று என்று பலம் காட்டினால் குழி பிளக்கும். பிளந்த குழிக்குக் குமிழுக்குச் சொன்ன செப்பு இழை வைத்தியமே பொருந்தும்.

குளிர்பதனப் பெட்டியின் கதவுத் தட்டு பற்றி ஒரு வார்த்தை. கண்ணாடி போன்ற அந்தப் பிளாஸ்டிக் அசிட்டோனுக்கு இணங்கினாலும் ஒட்டிய இடம் வெண்மையாகத் தெரியும். மறுபடி உடைவதும் பெரும்பாலும் அதன் பக்கத்திலேதான். அடிப்புறத்தில் ஒரு பட்டையைக் குறுக்கே ஒட்டி, பெரிய நீர்ப் புட்டிகளைக் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

உடையாமல் காத்தலும் உதிரி உறுப்பு கேட்டலும்

வெயிலில் கிடந்த இரப்பர் வெடிப்பதுபோலவே பிளாஸ்டிக்கும் வெடிக்கும். விசிறியையும் சலவை இயந்திரத்தையும் நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள். வெயிலைவிடக் கொடிய பகைவன் எண்ணெய். மண்ணெண்ணெய், தின்னர், வலித் தைலம், கொசு மருந்துத் தெளிப்பு ஆகியவை ஏ.பி.எஸ்., பாலிஸ்டைரின் ஆகியவற்றின் மேல் படும்போது, முன்பே இறுக்கத்தில் இருக்கும் இடங்களில் மயிரிழை விரிசல்களை உண்டாக்குகின்றன. அழுக்கு எளிதில் போகிறது என்று விசிறியின் இறக்கைகளை மண்ணெண்ணெயால் துடைப்போர், அடுத்த மாதம் அவை ஏன் வெடித்தன என்று வியக்கிறார்கள். சோப்பு நீரும் துணியும் போதும்.

செப்பனிட இயலாதபோது உதிரி உறுப்பைக் கடையில் கேளுங்கள். “அதெல்லாம் வராது, புதிதாக வாங்குங்கள்” என்னும் விடையோடு திரும்பிவிட வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொருளை விற்றதற்குப் பின் நியாயமான காலம் வரை பழுதுபார்க்கும் வசதியும் உதிரி உறுப்புகளும் கிடைக்கச் செய்ய உற்பத்தியாளர் தக்க முயற்சி எடுக்க வேண்டும். அவை கிடைக்கா என்று வாங்கும்போதே பயனீட்டாளருக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தால் மட்டும் நிலைமை வேறு. ஆகவே வாங்கும் நாளிலேயே அதனைக் கேட்டுக்கொள்ளுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வழக்கறிஞர் இன்றியே பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் முறையிடலாம். அதற்கான கட்டணம் ஐந்து வெள்ளி.

கடைக்குப் போகும்போது உடைந்த துண்டையும், சாதனத்தின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள மாதிரி எண்ணையும் எடுத்துச் செல்லுங்கள். அந்த எண் இல்லாமல் எந்தக் கடைக்காரராலும் சரியான உறுப்பைத் தேடித்தர இயலாது. தகட்டின் எழுத்து அழியும் முன்பாக அதனை ஒரு காகிதத்தில் எழுதி, ரசீதோடு சேர்த்து வைப்பது நல்லது.